நாங்கள் படிக்காமல் பெயர் போட்ட பக்கங்கள்

மரவள்ளியின் குருத்து சுருண்டு, நுனி இலைகள் கொத்தாகக் கூம்பி நிற்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் சேலம், நாமக்கல் மாவட்டத்து விவசாயிகள் பார்க்கத் தொடங்கினார்கள். மரவள்ளியை இந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். குச்சிக்கிழங்கு என்றால் ஜவ்வரிசி, ஜவ்வரிசி என்றால் சேகோ ஆலை, ஆலை என்றால் பல ஆயிரம் குடும்பங்களின் கூலி. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் 2020இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி இங்கேயும் வந்துவிட்டிருந்தது. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2022 மார்ச்சில், ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்னக் குளவியை வயலில் விட்டார்கள். அனாகைரஸ் லோபெசி என்பது அதன் பெயர். பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தார் அதை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, வளர்த்து, சோதித்துப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே முடிக்கும் குளவி அது.

இந்தக் குளவியைத்தான் கொண்டுவர வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? 1970களில் இதே பூச்சி ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து மரவள்ளியை நம்பியிருந்த கோடிக்கணக்கான மக்களின் சோற்றில் கைவைத்தது. அதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா என்று ஊகித்து அங்கே போய்த் தேடியவர்கள் முதலில் அந்தக் கண்டத்தின் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சியைக் கண்டார்கள். பார்க்க அச்சு அசலாக அதே பூச்சி. ஆனால் அதன் எதிரிப் பூச்சிகள் ஆப்பிரிக்க மாவுப்பூச்சியைச் சீண்டவில்லை. வகைப்பாட்டு அறிஞர்கள் இரண்டையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இது வேறு இனம் என்று வரைபடத்தோடு எழுதி 1981இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் சரியான பூச்சி பராகுவேயில் கிடைத்தது. அதன் குளவியும் அங்கேயே கிடைத்தது. ஹான்ஸ் ஹெரன் தலைமையில் அந்தக் குளவி நைஜீரியாவில் தொடங்கி ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகளெங்கும் பரப்பப்பட்டது. அந்தப் பணிக்காக 1995இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. எந்த இடத்தில் விட்டார்கள், எத்தனை பிழைத்தன, எங்கே தோற்றது என்பதெல்லாம் ஆய்விதழ்களில் அச்சேறியிருந்தது. நாற்பது ஆண்டு கழித்துப் பெங்களூரில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை நம்பி வேலையில் இறங்க முடிந்தது. எழுதியவர்களுக்கு ஏத்தாப்பூர் என்றொரு ஊர் இருப்பதே தெரிந்திருக்காது.

ஆய்விதழில் வெளியாகும் கட்டுரையின் பொருள் இவ்வளவுதான். முகம் தெரியாத ஒருவர், எழுதியவரைக் கேட்க வழியில்லாத ஓர் இடத்தில், நம்பி எடுத்துக்கொள்ளப் போகும் வாக்கு. அதே காலத்தில், அதே சமவெளியில், கல்லூரி ஆசிரியர்களாகிய நாங்கள் கட்டுரைக்கு மேல் கட்டுரையாக வெளியிட்டுக்கொண்டிருந்தோம். அவற்றில் எதை நம்பி ஒரு விவசாயி ஓர் ஏக்கரை ஒப்படைக்கலாம் என்று கேட்டால் எங்களில் பெரும்பாலோர் தலைகுனிய வேண்டும். கொல்லிமலைச் சாமையையும் தினையையும் பல ஆண்டு கூடவே இருந்து பதிவு செய்தவர்கள் உண்டு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடங்களில் கோழி நோயோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டு. தன் துறையில் தனியாக நின்று ஒழுங்காக எழுதிய ஆசிரியர்கள் எல்லாக் கல்லூரியிலும் ஒருவர் இருவர் உண்டு. அவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்கள் தனியாக நிற்கும்படி விட்ட மற்றவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். அந்த மற்றவர்களில் நானும் ஒருவன் என்பதால் ‘நாங்கள்’ என்று எழுதுகிறேன்.

1997 இந்தப் பகுதிக்கு முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நாமக்கல் தனி மாவட்டமானது. அதே ஆண்டில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. அதுவரை முனைவர் பட்டம் என்றால் சென்னைக்கோ கோவைக்கோ போக வேண்டியிருந்த எடப்பாடி விசைத்தறிக் குடும்பத்துப் பெண்ணும், சங்ககிரி லாரி ஓட்டுநரின் மகனும், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைத் தொழிலாளியின் மகனும் பஸ்ஸில் போய் வந்து ஆராய்ச்சி செய்யும் காலம் பிறந்தது. ஆய்விதழ் ஆசிரியர்கள் சிலர் இங்கிலாந்தில் கூடி, வெளியீட்டு நெறிகளுக்கான குழு என்று ஒன்றைத் தொடங்கியதும் அதே 1997இல்தான். எந்த இதழ் எப்படி நடந்துகொள்ள வேண்டும், புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான வழிமுறைகளை அந்தக் குழு எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்தது. முதல் தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கும் பொறுப்பு எங்கள் கைக்கு வந்தபோது, அந்த நெறிகளையும் கூடவே சொல்லிக்கொடுக்க எங்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

பிறகு விதிகள் வந்தன. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மதிப்பீடு செய்யப்படும் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் சொன்னது. 2010இல் ஆசிரியர்களின் கல்விப் பணியை எண்ணால் அளக்கும் ஏபிஐ மதிப்பெண் வந்தது. மதிப்பீட்டு இதழில் ஒரு கட்டுரைக்கு 15. மதிப்பீடு இல்லாவிட்டாலும் ஐஎஸ்எஸ்என் எண் உள்ள நல்ல இதழ் என்றால் 10. மாநாட்டுத் தொகுப்பில் முழுக் கட்டுரைக்கும் 10. பதவி உயர்வு, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் வருகை, கைடுஷிப் எல்லாம் அதைச் சுற்றி வந்தன. இத்தனை ஆண்டும் எங்கள் கூட்டங்களில் பழியை அந்த விதிகளின் மேல் போட்டே பேசியிருக்கிறோம். விதியில் குறையிருந்தது உண்மைதான். ஆய்வுக்கூடமே இல்லாத கல்லூரியில், வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பெடுக்கும் ஆசிரியரிடம் ஆண்டுக்கு இரண்டு கட்டுரை கேட்பது நியாயமில்லை. அந்த நியாயத்தைக் கேட்டு நாங்கள் சங்கமாகப் போராடியிருக்கலாம். சம்பளக் குழுவுக்காகச் சாலையில் உட்கார்ந்தவர்கள்தாமே நாங்கள். அதற்குப் பதில் விதியில் இருந்த ஓட்டையைத் தேடினோம். ‘நல்ல இதழ்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘ஐஎஸ்எஸ்என்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டோம்.

ஐஎஸ்எஸ்என் என்பது தொடர்ந்து வெளிவரும் எந்த இதழும் கேட்டால் கிடைக்கும் பதிவு எண். தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நூலகரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். எங்கள் கல்லூரி நூலகர்களில் பலர் முறையாகப் படித்து வந்தவர்கள். அவர்களைப் புத்தகம் எண்ணவும் வருகைப் பதிவேடு பார்க்கவும் வைத்தோமே தவிர, எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் ஜெஃப்ரி பீல் என்ற நூலகர் ஏமாற்று இதழ்களின் பட்டியலைத் தனி ஆளாகத் தொகுத்து 2017 தொடக்கம் வரை வெளியிட்டார் என்ற செய்தியே எங்களுக்கு அந்தப் பட்டியல் நின்றுபோன பிறகுதான் வந்து சேர்ந்தது.

அந்த இதழ்கள் எங்களைத் தேடி வந்தன. முதலில் மின்னஞ்சலில், பிறகு வாட்ஸப் குழுக்களில். இன்டர்நேஷனல் ஜர்னல் என்று தொடங்கும் பெயர். நாலைந்து துறைகளை ஒன்றாகச் சேர்த்த தலைப்பு. யார் கணக்கிட்டது என்று தெரியாத ஓர் இம்பாக்ட் ஃபேக்டர். ஆயிரமோ இரண்டாயிரமோ ஜீபேயில் போட்டால் மூன்றாம் நாள் கட்டுரை இணையத்தில். கூடவே ஆளுக்கொரு சான்றிதழ். மூன்று நாளில் ஒரு கட்டுரையை யார் படித்திருக்க முடியும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஒரு தேர்வு விடைத்தாளைத் திருத்தவே எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கையால் அறிந்தவர்கள் நாங்கள். முறையான இதழில், துறை தெரிந்த இரண்டு பேர் கட்டுரையைப் படித்து, இந்த அளவை எப்படி எடுத்தாய், இந்த முடிவு அந்த அட்டவணையிலிருந்து வரவில்லையே என்று கேட்டு எழுதுவார்கள். பதில் சொல்ல மாதங்கள் ஆகும். மனம் நோகும். அந்த நோவின் வழியாகத்தான் ஒருவர் ஆய்வாளர் ஆகிறார். எங்கள் மாணவர்களுக்கு அந்த நோவு வராமல் பார்த்துக்கொண்டதை அவர்களுக்குச் செய்த உதவியாக நினைத்தோம்.

2013 அக்டோபரில் சயன்ஸ் இதழில் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன் என்ற உயிரியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து என்று ஒரு பொய்க் கட்டுரையை அவரே தயாரித்தார். ஆசிரியர் பெயர் பொய், நிறுவனம் பொய். கதிர்வீச்சு கொடுத்த செல்களைக் கொடுக்காத செல்களோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் மருந்துதான் என்று எழுதியிருந்தார். இளநிலை அறிவியல் படிக்கும் மாணவர் கண்டுபிடிக்கும் தவறு அது. 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவர் அனுப்பிய இதழ்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்தியாவிலிருந்து நடப்பவை. இந்திய இதழ்களில் 64 ஏற்றன, 15 மட்டுமே மறுத்தன. 2015இல் ஷென், பியோர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இத்தகைய இதழ்களில் 2014ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சத்து 20 ஆயிரம் கட்டுரைகள் வெளிவந்ததாகக் கணக்கிட்டார்கள். எழுதியவர்களில் 35 சதவீதம் பேர் இந்தியர்கள். நாங்கள் அந்த 35 சதவீதத்துக்குள் இருந்தோம். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை.

அதைவிடக் கனமானது 2017இல் நடந்தது. மானியக் குழு அங்கீகரித்த ஜர்னல்கள் என்று ஒரு பெரிய பட்டியல் வந்தது. அதில் ஒரு பகுதி, நாடெங்கும் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களால் ஆனது. பரிந்துரை என்பது வானத்திலிருந்து வரவில்லை. துறைகளிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டு எழுதிக் கொடுத்தது. ஏற்கெனவே பணம் கட்டிக் கட்டுரை போட்ட இதழ்களின் பெயர்களையே எழுதினோம். இல்லாவிட்டால் எங்கள் பழைய கட்டுரைகள் கணக்கில் வராமல் போய்விடும். பூஷண் பட்வர்தன் முதலானோர் அந்தப் பகுதியை ஆராய்ந்து 2018இல் கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதியபோது, பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் சேர்ந்த இதழ்களில் 88 சதவீதத்துக்கு மேல் தரமற்றவையாக இருக்கக்கூடும் என்றார்கள். இது யாரோ வியாபாரி செய்த கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. நல்லது எது, கெட்டது எது என்று நாடு எங்களைக் கேட்டது. தெரிந்தே தவறான பதிலைச் சொன்னோம். 2018 மே மாதம் 4,305 இதழ்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அன்று எங்களுக்குள் ஓடிய ஒரே கேள்வி, நீக்கியதற்கு முன் போட்ட பேப்பர் செல்லுமா என்பது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குற்றத்தில் மிகக் கொடியது அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கட்டுரையில் யார் பெயர் வரலாம் என்பதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகள் சொல்கிறது. ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு வேண்டும். எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தை ஊன்றித் திருத்தியிருக்க வேண்டும். கடைசி வடிவத்தைப் பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நாளை கேள்வி வந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். நாங்கள் கைடு என்பதற்காகப் பெயர் போட்டுக்கொண்டோம். துறைத் தலைவர் பெயரை மரியாதைக்காகப் போட்டோம். பக்கத்துக் கல்லூரி நண்பர் எங்கள் பெயரை அவர் கட்டுரையில் போட்டார் என்பதற்காக அவர் பெயரை எங்கள் கட்டுரையில் போட்டோம். ஏபிஐ கணக்கில் முதல் ஆசிரியரும் வழிகாட்டியும் 60 சதவீதத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு 40 என்று இருந்ததால் யார் பெயர் எங்கே என்பதைக் கூட்டல் கழித்தல் போட்டு முடிவு செய்தோம். வெயிலில் நின்று திருமணிமுத்தாற்றில் தண்ணீர் எடுத்தது ஸ்காலர். அதை லேபுக்குச் சுமந்தது ஸ்காலர். வெளியீட்டுக் கட்டணத்தை அம்மாவின் சீட்டுப் பணத்திலிருந்து கட்டியதும் ஸ்காலர். முதல் பெயர் எங்களுடையது. “சார், உங்க பேர் முதல்ல போட்டிருக்கேன் சார்” என்று அவர்களே வந்து சொல்லும்படி அவர்களைப் பழக்கியிருந்தோம். அதைக் கேட்டு, “எதுக்கும்மா, நீ செஞ்ச வேலை, உன் பேரையே போடு” என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

நாங்கள் பார்த்தே இராத இதழ்களின் ஆசிரியர் குழுவில் எங்கள் பெயர் இருந்தது. ஃபார்ம் அனுப்பினார்கள், நிரப்பிக் கொடுத்தோம். அந்தப் பக்கத்தைப் பார்த்து, எங்கள் சார் இருக்கிறாரே என்று நம்பிக் கட்டுரை அனுப்பிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எங்களால் சொல்ல முடியாது. ஒரு கட்டுரையைக்கூட நாங்கள் மதிப்பிட்டதில்லை. கொடுத்த சான்றிதழை மட்டும் கோப்பில் வைத்திருக்கிறோம்.

திருட்டு எழுத்தைத் தடுக்க 2018இல் விதி வந்தது. 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டு தடை. 60க்கு மேல் பதிவே ரத்து. மறு ஆண்டே பல்கலைக்கழகங்களுக்கு ஒற்றுமை பார்க்கும் மென்பொருள் இலவசமாக வந்தது. அதையும் ஓர் எண்ணாக மாற்றிவிட்டோம். பத்துக்குக் கீழே கொண்டுவா என்று சொன்னோமே தவிர, அந்த வரியை எங்கிருந்து எடுத்தாய், அதன் பொருள் உனக்குப் புரிந்ததா என்று கேட்கவில்லை. சொற்களை மாற்றித் தரும் மென்பொருள்களை ஸ்காலர்கள் தாங்களே கண்டுபிடித்தார்கள். அவை மார்பகப் புற்றுநோயைக் குறிக்கும் ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்ற சொல்லை ‘பூசம் பெரில்’, அதாவது மார்பின் ஆபத்து, என்று மாற்றின. செயற்கை நுண்ணறிவைப் போலிப் பிரக்ஞை என்று பொருள்படும்படி மாற்றின. கியோம் கபனாக் என்ற பிரெஞ்சுக் கணினி அறிவியலாளரும் அவருடைய சகாக்களும் 2021இல் இப்படிச் சிதைந்த சொற்றொடர்களை வலைபோட்டுத் தேடி, பெரிய பதிப்பகங்களின் பொறியியல் இதழ்களிலும் இருப்பதைக் காட்டினார்கள். அந்தப் பெரிய பதிப்பகங்களின் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் எங்களைத் தேற்றிக்கொண்டிருந்தோம், ‘ஸ்கோபஸ்ல இருக்கு, அப்புறம் என்ன’ என்று. 2023இல் ஹிண்டாவி என்ற ஒரே வெளியீட்டகம் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. ஸ்கோபஸ் போன்ற இதழ்ப் பட்டியலில் இருப்பது காவல் ஆகாது.

அந்த மென்பொருளை நாடிய பிள்ளைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுத நடுங்கினார்கள். வேலை செய்திருந்தார்கள், தரவு கையில் இருந்தது, சொல்லத்தான் தெரியவில்லை. வாரம் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து, நீ கண்டதைத் தமிழில் சொல், பிறகு ஆங்கிலத்தில் எழுதலாம் என்று நாங்கள் சொல்லியிருந்தால் போதும். நாங்கள் உட்கார வேண்டிய நாற்காலியில் சேலத்தின் ப்ராஜெக்ட் சென்டர்கள் உட்கார்ந்தன. எழுதித் தருவதிலிருந்து அக்சப்டன்ஸ் வாங்கித் தருவது வரை அங்கே விலை உண்டு என்பது எங்களில் தெரியாதவர் யார்? 2019 டிசம்பரில், ஆராய்ச்சி வெளியீட்டு நெறிகள் குறித்த இரண்டு கிரெடிட் பாடத்தை முனைவர் பட்ட மாணவர் ஒவ்வொருவருக்கும் நடத்த வேண்டும் என்று மானியக் குழு கட்டாயமாக்கியது. முப்பது மணி நேரப் பாடம். மேலே சொன்ன அத்தனையும் அதில் இருக்கிறது. பல இடங்களில் இரண்டு சனிக்கிழமையில் முடித்துக் கையெழுத்துப் போட்டோம்.

அறிவியல், பொறியியல்காரர்கள்தான் இப்படி என்று தமிழ்த்துறையினர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தமிழ்க் கருத்தரங்குகளில் ஒரே நாளில் நூறு, நூற்றைம்பது கட்டுரை. ஆளுக்கு ஐந்து நிமிடம். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஐஎஸ்பிஎன் எண்ணோடு தொகுப்பு நூல். ஒரே தலைப்பைச் சங்க இலக்கியத்தின் ஒவ்வொரு நூலுக்கும் மாற்றி மாற்றிப் போட்ட கட்டுரைகள் அவற்றில் இருக்கும். முந்தைய ஆய்வேட்டின் பத்தி அப்படியே இருக்கும். மென்பொருளுக்குத் தமிழ் சரியாகப் பிடிபடாது என்ற தைரியம். இந்த மண்ணின் பெயரைத் தன் பெயரோடு சுமந்த ஒருவரால்தான் தமிழ்ப் பதிப்பு வரலாறே திரும்பியது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், உ.வே.சாமிநாதையரைச் சந்தித்து என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார் ஐயர். முதலியார் அதில் மயங்கவில்லை, எண்ணிக்கையை மெச்சவில்லை. பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவகசிந்தாமணிப் பிரதியைக் கையில் கொடுத்தார். புரியாததைப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, சமணர் வீடுகளுக்கு நடந்து போய்க் கேட்டுத் தெளிந்து, ஏடு ஏடாக ஒப்பிட்டு, 1887இல் ஐயர் அதை அச்சிட்டார். ஏழு ஆண்டு, ஒரு நூல். ஏடு கொடுத்தவர் யார், எந்த ஊர் என்று தம் பதிப்பு முன்னுரைகளில் நன்றியோடு எழுதி வைப்பது அவர் வழக்கம். எந்தப் பன்னாட்டுக் குழுவும் அவருக்கு நெறி வகுத்துக் கொடுத்திருக்கவில்லை.

இதனால் ஊருக்கு என்ன கெட்டது என்று கேட்பவர்கள் உண்டு. பேப்பர்தானே, யார் படிக்கிறார்கள் என்பார்கள். சேலத்துச் சாயக்கழிவு பற்றியும், சேகோ ஆலைக் கழிவுநீர் பற்றியும், கிணற்று நீரில் ஃப்ளோரைடு பற்றியும் இணையத்தில் தேடினால் கட்டுரைகள் வந்து விழும். அவற்றில் எது நிஜமாகக் கிணற்றடிக்குப் போய் எடுத்த அளவு, எது மேசையில் உட்கார்ந்து நிரப்பிய அட்டவணை என்று ஓர் அதிகாரியோ பொறியாளரோ எப்படிப் பிரித்தறிவார்? பொய்க் கட்டுரை தன்னோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் மெய்க் கட்டுரையின் மேலும் சந்தேகத்தைப் பூசிவிட்டுப் போகிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கொலிஸ்டின் என்ற மருந்து மனிதர்களுக்கு வேறு எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காதபோது கடைசியாகக் கொடுப்பது. அதைக் கால்நடைகளுக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலந்து கொடுத்துவந்தார்கள். அந்த மருந்தை எதிர்க்கும் ஜீன் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்று சீன ஆய்வாளர்கள் 2015 நவம்பரில் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகம் அதிர்ந்தது, பிற நாட்டு ஆய்வுக்கூடங்கள் தங்களிடமிருந்த மாதிரிகளைத் தேடிப் பார்த்து, ஆமாம் இங்கேயும் இருக்கிறது என்றன. 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. முட்டைக்கோழிக்கு என்ன போடலாம் என்பதைக்கூட, எங்கோ ஒருவர் பொய் சொல்லாமல் எழுதிய கட்டுரை தீர்மானிக்கிறது. நம்மூர்ப் பண்ணையில் நம்மூர் ஆய்வாளர் எடுத்த அளவும் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

இப்போது விதிகள் மறுபடி மாறியிருக்கின்றன. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்பதை 2022 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். மானியக் குழு 2019இல் தொடங்கிய ‘யுஜிசி கேர்’ இதழ்ப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். எது நல்ல இதழ் என்பதை அந்தந்தக் கல்வி நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். 2017இல் கேட்ட அதே கேள்வியை மறுபடி எங்களிடமே கேட்கிறார்கள். நாட்டின் கல்வி நிறுவனங்களுக்கான தரவரிசைப் பட்டியலில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கவும் அதே ஆண்டு தொடங்கிவிட்டார்கள். இதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. திரும்பப் பெறுவது அவமானம் என்று ஆகிவிட்டால், தவறென்று தெரிந்த கட்டுரையையும் கல்லூரிகள் மூடி மறைக்கும். 2018இல் வேதியியல் நோபல் பெற்ற ஃப்ரான்சிஸ் ஆர்னால்டு, தம் ஆய்வுக்கூடத்தில் மறுபடி செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை என்பதற்காக, சயன்ஸ் இதழில் வந்த தம் கட்டுரையை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று தாமே பொதுவில் மன்னிப்பும் கேட்டார். அவர் பெயர் அதனால் குறைந்துவிடவில்லை. எங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறோமா?

செய்ய வேண்டிய வேலை கையருகே இருக்கிறது. கடைசி நாக் அறிக்கையில் எங்கள் பெயரில் கொடுத்த கட்டுரைப் பட்டியலை எடுக்க வேண்டும். எதை நாங்கள் எழுதினோம், எதை வரிவிடாமல் படித்தோம், எதற்கு மூலத்தரவு நோட்டு அலமாரியில் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிக்க வேண்டும். குறிக்க முடியாதவற்றை அடுத்த அறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இதழ் உயிரோடு இருந்தால் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி எழுத வேண்டும். ஆசிரியர் குழுக்களிலிருந்து பெயரை நீக்கச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை சரியும். நிர்வாகம் கூப்பிட்டுக் கேட்கும். சிலருக்குப் பதவி உயர்வு தள்ளிப் போகும். அதற்குப் பிறகு எங்கள் பழைய ஸ்காலர்களிடம் பேச வேண்டும். அவர்கள் கட்டிய பணத்தைப் பற்றியும், எடுத்துக்கொண்ட முதல் பெயரைப் பற்றியும், சொல்லிக்கொடுக்காமல் விட்டதைப் பற்றியும். அவர்களில் பலர் இன்று இதே சேலம், நாமக்கல் கல்லூரிகளில் ஆசிரியர்கள். அவர்களுக்குக் கீழே இப்போது ஸ்காலர்கள் சேர்ந்திருக்கிறார்கள்.